படிப்பகத்துல சேர்ந்த 4.2 லட்சம்: எவ்வளவு வைக்கணும், எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: சார், திருமங்கலம் பக்கத்துல நாங்க பசங்களா சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துறோம், சங்கமா பதிவு பண்ணியாச்சு, யாருக்கும் சம்பளம் கிடையாது. வாடகை, கரண்ட், பேப்பர், புக்குன்னு மாசம் 9,000 ஆகுது. வசூல் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும்தான். இப்ப 4,20,000 இருக்கு, அதுல 2 லட்சம் கம்ப்யூட்டர் வாங்கன்னு ஊர்க்காரங்க குடுத்தது. எல்லாம் பொருளாளர் அண்ணன் அக்கவுன்ட்ல கிடக்கு. ரெண்டு வட்டிக்கு விடலாம்னு சிலர் சொல்றாங்க. டாய்லெட் இல்லாததால பொண்ணுங்க வர்றதில்ல, ஆனா காசைத் தொடவும் பயமா இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, வட்டிக்கு விடுற பேச்சை முதல்ல நிப்பாட்டுங்க. ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 சதவீதம், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா வாங்கப்போறது உங்க ஊர்க்காரர்தான, அவர் ரெண்டு மாசம் கட்டலைன்னா அவர் வீட்டுப் பிள்ளை அப்புறம் படிப்பகம் பக்கமே தலைகாட்டாது. லைசென்ஸ் இல்லாம வட்டித்தொழில் பண்றது சட்டப்படியும் சிக்கல்.

அதைவிடப் பெரிய கவலை அந்த அக்கவுன்ட். அண்ணன் தங்கமான மனுஷனா இருக்கலாம், ஆனா நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா பேங்க் அந்தப் பணத்தை அவரோட நாமினிகிட்டதான் குடுக்கும், இது சங்கத்துக் காசுன்னு நீங்க கவுன்ட்டர்ல நின்னு சொன்னா எடுபடாது, வட்டிக்கு வரியும் அவர் தலையிலதான் விழும். உடனே கமிட்டியில தீர்மானம் போட்டு, சங்கம் பேர்ல பான் கார்டு வாங்கி, பதிவுச் சான்றிதழ், பைலா (சங்கத்தோட விதிமுறைகள்) நகலோட போய் கணக்கு தொடங்குங்க. தலைவர், செயலாளர், பொருளாளர், இந்த மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து இருந்தாத்தான் பணம் எடுக்க முடியும்னு எழுதிக் குடுத்துருங்க.

கம்ப்யூட்டர் காசை இருப்புல சேக்கவே கூடாது. மொய் நோட்டு மாதிரி யாரு எவ்வளவு எதுக்குக் குடுத்தாங்கன்னு தனியா எழுதி வச்சு, அதை கம்ப்யூட்டருக்கே செலவழிங்க.

மிச்சம் 2,20,000. பொதுவா ஆறு மாசச் செலவு கையில இருந்தா போதும்பாங்க, ஆனா சித்திரை முடிஞ்சா அடுத்த பொங்கல் வரைக்கும் உங்களுக்கு வரவே இல்லையே, அதனால ஒரு வருஷத்துக்கு 1,08,000 வைங்க. அதை 27,000 வீதம் நாலு எஃப்டியா, மூணு மாசத்துக்கு ஒண்ணு முடியிற மாதிரி போட்டா அவசரத்துக்கு மொத்தத்தையும் உடைக்க வேண்டியதில்ல. ஒரு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அந்த பயமும் வேண்டாம்.

பாக்கி 1,12,000ல டாய்லெட் கட்டுங்க. வாடகை இடம்ங்கிறதால, இத்தனை வருஷத்துக்குக் காலி பண்ணச் சொல்லமாட்டேன்னு ஓனர்கிட்ட அக்ரிமென்ட் போட்டு, அதைப் பதிவும் பண்ணிட்டு வேலையை ஆரம்பிங்க.