மேகம் சூழ்ந்தால் மட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் திணறுகிறதே, கிராபிக்ஸ் கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

வானம் தெளிவாக இருக்கும்வரை சிமுலேட்டர் நன்றாக ஓடுகிறது, நிகழ்நேர வானிலையைப் போட்டு மேகமும் மழையும் வந்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம், திரையில் வருகிறது என்ற எண்) பாதியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த சிமுலேட்டர், என்ன ரெசல்யூஷன் (திரையின் பிக்சல் அளவு) என்று சொல்லவில்லை. யாருமே சொல்வதில்லை. 4கே திரைக்காரரின் செட்டிங்ஸை 1080பி திரைக்காரர் வரிக்கு வரி காப்பியடித்துவிட்டு "எனக்கு வேலை செய்யவில்லை" என்று திட்டுவது இதனால்தான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024 அல்லது எக்ஸ்-ப்ளேன் 12 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எஃப்எஸ்எக்ஸ், ப்ரீபேர்3டி என்ற பழைய தலைமுறை சிமுலேட்டர்களை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக இருக்கிறது. அங்கே நோயே வேறு.

முதலில் ஒரு கணக்கு. நஷ்டத்தை எஃப்பிஎஸ்ஸில் அளக்காதீர்கள், மில்லிசெகண்டில் அளங்கள். ஒருவருக்கு மேகம் வந்ததும் 60 எஃப்பிஎஸ் 45 ஆகிறது. இன்னொருவருக்கு 30 எஃப்பிஎஸ் 25 ஆகிறது. பார்த்தால் முதல் ஆளுக்குத்தான் அடி பலம் என்று தோன்றும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 45 என்றால் 22.2. ஆக மேகத்தின் விலை 5.5 மில்லிசெகண்ட். இரண்டாவது ஆளுக்கு 33.3 இலிருந்து 40, அதாவது 6.7. ஐந்து எஃப்பிஎஸ் இழந்தவருக்குத்தான் மேகம் அதிக விலை வைத்திருக்கிறது. அதோடு, அவருடைய 33.3 மில்லிசெகண்ட் மேகம் வருவதற்கு முன்பே போய்விட்டது. அவர் குறைக்க வேண்டியது மேகத்தையா, மற்றதையா?

இந்த அளவை எடுப்பது சுலபம். ஒரே விமான நிலையம், ஒரே விமானம், ஒரே நேரம், ஒரே கேமரா கோணம். நிகழ்நேர வானிலையை அணைத்துவிட்டு, முதலில் தெளிந்த வானம், பிறகு இரண்டு மூன்று அடுக்கு உடைந்த மேகம். இரண்டிலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்நேர வானிலையை வைத்துக்கொண்டு சோதனை செய்வது, ஆடிக்கொண்டிருக்கும் தராசில் எடை போடுவது மாதிரி.

அடுத்து, கழுத்தைப் பிடிப்பது ஜிபியுவா (கிராபிக்ஸ் கார்டு) சிபியுவா (கணினியின் முதன்மைச் செயலி) என்று பார்க்க வேண்டும். 2020 பதிப்பில் பொது அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கி, மேலே வரும் மெனுவில் டீபக் பகுதியில் எஃப்பிஎஸ் காட்டும் வசதியைப் போட்டால், "மெயின் த்ரெட்டால் (அதாவது சிபியுவால்) தடைபடுகிறது" அல்லது "ஜிபியுவால் தடைபடுகிறது" என்று அதுவே சொல்லிவிடும். எக்ஸ்-ப்ளேனில் டேட்டா அவுட்புட் பக்கத்தின் முதல் வரியான ஃப்ரேம் ரேட்டை டிக் செய்தால் சிபியு நேரமும் ஜிபியு நேரமும் தனித்தனியாகத் திரையில் வரும். எது பெரிதோ அதுதான் குற்றவாளி. இரண்டும் வேண்டாம் என்றால் ரெசல்யூஷனை 4கேயிலிருந்து 1080பிக்கு இறக்கிப் பாருங்கள். பிக்சல் எண்ணிக்கை சுமார் 83 லட்சத்திலிருந்து 21 லட்சமாகக் குறைகிறது. எஃப்பிஎஸ் துள்ளி ஏறினால் ஜிபியு, அசையாமல் நின்றால் சிபியு.

சிபியுதான் தடை என்று வந்தால் மேகத் தரத்தைத் தொடாதீர்கள், பயனில்லை. டெரெய்ன் எல்ஓடி, ஆப்ஜெக்ட் எல்ஓடி (நிலமும் கட்டடங்களும் எவ்வளவு தூரம் வரை நுணுக்கமாக வரையப்படும் என்ற அளவுகள்), ஏஐ போக்குவரத்து, தரை வாகனங்கள், காக்பிட் திரைகளின் ரெஃப்ரெஷ் வேகம், இவைதான் குறைய வேண்டும். பெரிய விமான நிலையத்தில் மழை நாளில் திணறுகிறது என்று புகார் செய்பவர்களில் பலருக்கு மழைக்கும் திணறலுக்கும் சம்பந்தமே இருக்காது. அதே இடத்தில் வெயிலிலும் திணறும், அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜிபியுதான் தடை என்றால், மேகம் எப்படி வரையப்படுகிறது என்று தெரிந்தால் எதைக் குறைப்பது என்பது தானாகப் புரியும். இன்றைய சிமுலேட்டர்களில் மேகம் என்பது படம் அல்ல, கன அளவு. திரையின் பிக்சலிலிருந்து ஒரு கதிரை வானத்துக்குள் அனுப்பி, அடி அடியாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இங்கே மேகம் எவ்வளவு அடர்த்தி என்று ஒரு முப்பரிமாண டெக்ஸ்சரில் பார்க்கிறார்கள். அடர்த்தி இருந்தால் அங்கிருந்து சூரியன் பக்கமாக இன்னும் சில அடிகள் நடந்து, அந்தப் புள்ளிக்கு எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று கணக்கிட வேண்டும். அதாவது செலவு என்பது பிக்சல் எண்ணிக்கை பெருக்கல் அடிகளின் எண்ணிக்கை. மேகத் தரம் என்ற ஸ்லைடர் பெரும்பாலும் தொடுவது அடிகளை. ரெண்டர் ஸ்கேல் (திரை அளவில் எத்தனை சதவீதத்தில் படம் வரையப்படும் என்ற அமைப்பு) தொடுவது பிக்சல்களை.

இதிலிருந்து பலர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் கிடைக்கிறது. கருகருவென்று மூடிய வானம் மிக மோசமான நிலைமை அல்ல. அடர்ந்த மேகத்தில் கதிர் சீக்கிரமே எதையும் பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிடும், கணக்கு அங்கேயே நின்றுவிடும். மெல்லிய மேகம், உடைந்த அடுக்குகள், இடையிடையே ஓட்டை, அதற்கு மேலே பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு: இதுதான் கார்டைக் கொல்லும். கதிர் எங்கேயும் முழுதாக நிற்காமல் கடைசிவரை நடந்துகொண்டே இருக்கும். ஆகவே "புயலில் நன்றாக ஓடுகிறது, சாதாரண மேகத்தில் திணறுகிறது" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

இனி குறைக்கும் வரிசை. முதல் கை வைக்க வேண்டியது ரெண்டர் ஸ்கேலில். 80 சதவீதம் என்றால் அகலத்திலும் உயரத்திலும் 80, ஆக பிக்சல்கள் 64 சதவீதம்தான். 70 வைத்தால் கிட்டத்தட்ட பாதி. குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் வசதிகளும் உண்டு: மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தால் டிஎல்எஸ்எஸ், இல்லையென்றால் எஃப்எஸ்ஆர். குவாலிட்டி நிலையில் ஒரு பக்கத்துக்கு 67 சதவீதம், அதாவது மொத்தப் பிக்சலில் 44 சதவீதம்தான் உண்மையாக வரையப்படும். பெர்ஃபார்மன்ஸ் நிலையில் கால் பங்கு. மேகம் விளிம்பு மங்கிய பொருள், அதனால் இந்த மாற்றத்தில் மேகத்துக்கு அவ்வளவாகக் குறை தெரியாது. குறை தெரிவது காக்பிட் திரையின் எண்களில். உயரமானியின் இலக்கங்கள் உருளும்போது பின்னால் நிழல் இழுக்கும். கருவிகளை நம்பிப் பறப்பவருக்கு அது எரிச்சல்தான், மறுக்கவில்லை. குவாலிட்டிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதுதான் மேகத் தரம். அல்ட்ராவிலிருந்து ஹைக்கு ஒரு படி. அங்கே நில்லுங்கள். மீடியத்துக்கு இறங்கினால் மேக விளிம்பில் மணல் தூவியது போல ஒரு அரிப்பு வரும், அது நகரும்போது கண்ணை உறுத்தும். "அல்ட்ராவுக்கும் ஹைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. நிறுத்தி வைத்த படத்தில் தெரியும். இறங்குவதற்கு மூன்று மைல் இருக்கும்போது, பக்கக் காற்றில் ரட்டரை மிதித்துக்கொண்டிருக்கும்போது தெரியாது.

அந்த மணல் அரிப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேகத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, முந்தைய ஃப்ரேம்களின் கணக்கையும் சேர்த்துத்தான் வழவழப்பாக்குகிறார்கள். எஃப்பிஎஸ் குறைந்தால் ஃப்ரேம்களுக்கு இடையே காட்சி அதிகம் நகர்கிறது, பழைய கணக்கு பொருந்தாமல் போகிறது, இறக்கைக்குப் பின்னால் பேய் மாதிரி ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் அல்ட்ராவில் 22 எஃப்பிஎஸ்ஸை விட ஹையில் 32 எஃப்பிஎஸ்ஸில் மேகம் அழகாக இருக்கும். தரத்தைக் குறைத்துத் தரத்தைக் கூட்டுவது என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, மேகம் வந்ததும் கூடவே வரும் உதிரிச் செலவுகள். மழை பெய்தால் ஓடுபாதை நனைந்து பளபளக்கும், அந்தப் பிரதிபலிப்புக்கு ஒரு விலை. கண்ணாடியில் வழியும் துளிகளுக்கு ஒரு விலை. மேக இடுக்கில் இறங்கும் ஒளிக்கற்றைக்கு ஒரு விலை. பிரதிபலிப்பையும் ஒளிக்கற்றையையும் ஒரு படி குறைத்தால் பறக்கும்போது யாருக்கும் தெரியப்போவதில்லை. எக்ஸ்-ப்ளேன் 12 இல் எம்எஸ்ஏஏவை (விளிம்புகளை வழவழப்பாக்கும் மல்டிசாம்ப்ளிங்) 8 எக்ஸில் வைத்துவிட்டு மேகத்தைக் குறை சொல்லாதீர்கள். 2 எக்ஸ் அல்லது 4 எக்ஸ் போதும்.

வீடியோ மெமரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி விளிம்பு வரை நிரம்பி, ஷேர்ட் மெமரி ஏறத் தொடங்கியிருந்தால் உங்கள் பிரச்சினை மேகமே அல்ல. கார்டு தன் டெக்ஸ்சர்களை மதர்போர்டின் ராமிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. சராசரி எஃப்பிஎஸ் நன்றாகக் காட்டும், ஆனால் நொடிக்கு ஒரு வெட்டு வெட்டும். மருந்து டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குவது. லேப்டாப்பில் இன்னொன்று: முதல் பத்து நிமிடம் சரியாக இருந்து பிறகு படிப்படியாக விழுந்தால் அது சூடு. தெளிந்த வானத்தில் முழு வேகத்துக்குப் போகாத ஜிபியு, மேகத்தில் நூறு சதவீதம் உழைத்து, சூடேறி, கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

கடைசியாக ஒரு ஃப்ரேம் வரம்பு. தெளிந்த வானில் 58, மேகத்தில் 36 என்று ஏறி இறங்குவதை விட 30 இல் பூட்டினால் கண்ணுக்குச் சீராக இருக்கும், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும். ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் திரை இருந்தால் இவ்வளவு கறார் வேண்டாம். ஃப்ரேம் ஜெனரேஷன் (உண்மையான ஃப்ரேம்களுக்கு இடையே செயற்கை ஃப்ரேமைச் செருகும் வசதி) போட்டால் எண் இரட்டிப்பாகும், ஸ்டிக்கின் தாமதம் குறையாது. அடிப்படை எஃப்பிஎஸ் 30க்கும் கீழே இருக்கும்போது அதைப் போடுவது விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடிப்பது. எக்ஸ்-ப்ளேன்காரர்களுக்குச் சிறப்பு எச்சரிக்கை: 20க்குக் கீழே போனால் அது காலத்தையே மெதுவாக்கிவிடும், உங்கள் 200 நாட் உண்மையில் 200 நாட்டாக இருக்காது. ஆன்லைன் நெட்வொர்க்கில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோடு பறப்பவர்களுக்கு இது அவமானத்தில் முடியும்.

இப்போது எஃப்எஸ்எக்ஸ். 2006 இல் வந்த சிமுலேட்டரை இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம். அங்கே மேகம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒளி ஊடுருவும் படங்கள். மேகத்துக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு படமும் முழுத் திரையை மறைக்கும், ஒரே பிக்சல் இருபது முப்பது முறைகூட வரையப்படும். இதற்கு மேல் என்விடியா இன்ஸ்பெக்டர் என்ற அமைப்புக் கருவியில் ஸ்பார்ஸ் கிரிட் சூப்பர்சாம்ப்ளிங்கை (ஒவ்வொரு பிக்சலையும் பல முறை கணக்கிட்டு வழவழப்பாக்கும் முறை) 4 எக்ஸ் போட்டிருந்தால் அத்தனையும் மறுபடி நான்கால் பெருகும். முதலில் அதை எடுத்துவிட்டு சாதாரண மல்டிசாம்ப்ளிங்குக்கு வாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். மேகம் வரையும் தூரத்தை 110 மைலிலிருந்து 60க்குக் குறையுங்கள். பரப்பளவில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ப்ரீபேர்3டியில் மேகத்தின் நிழல், தண்ணீரில் மேகத்தின் பிரதிபலிப்பு இரண்டுக்கும் தனித்தனி டிக் இருக்கிறது, இரண்டையும் எடுங்கள்.

"எச்டி மேகம்" என்று காசுக்கு விற்கும் 4096 பிக்சல் டெக்ஸ்சர்களை (மேகத்துக்கான படக் கோப்புகளை)ப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எஃப்எஸ்எக்ஸின் கான்ஃபிக் கோப்பில் டெக்ஸ்சர் மேக்ஸ் லோட் என்ற வரி 1024 ஆக இருக்கும்வரை அதற்கு மேல் அது ஏற்றவே ஏற்றாது. அமைப்புப் பக்கத்தில் ஸ்லைடரை அசைத்தால் அந்த வரி மறுபடி 1024க்கே திரும்பும். காசு கொடுத்தவர் பார்ப்பது 1024 மேகம்தான், பாராட்டுவது 4096 என்று. சரி, வரியை மாற்றினால்? 4096க்கு 4096, சுருக்காத 32 பிட் என்றால் ஒரு டெக்ஸ்சருக்கு 64 எம்பி. டிஎக்ஸ்டி5 என்ற முறையில் சுருக்கினால் 16 எம்பி. 512 அளவில் டிஎக்ஸ்டி5 என்றால் 256 கேபி, அவ்வளவுதான். 4 ஜிபிக்கு மேல் தாண்ட முடியாத 32 பிட் நிரலுக்குள் எதைத் திணிப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மங்கலான பஞ்சுக்கு 512 போதும். பிடிக்கவில்லை என்றால் 1024, அதற்கு மேல் வேண்டாம்.

தனி வானிலை மென்பொருள் ஓட்டுபவர்கள் அதன் புதுப்பிப்பு இடைவெளியையும் பாருங்கள். மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கை வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கோ அரை மணிக்கோ ஒருமுறைதான் வருகிறது. அதை நிமிடத்துக்கு ஒருமுறை சிமுலேட்டருக்குள் ஊட்டினால் மேகம் அத்தனை முறையும் புதிதாக அடுக்கப்படும், அத்தனை முறையும் திரை ஒரு கணம் உறையும். 15 நிமிடம் வையுங்கள், மேக அடுக்குகளுக்கு உச்சவரம்பு மூன்று. சீரான இடைவெளியில் உறைகிறதா, தொடர்ந்து திணறுகிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். சீரான இடைவெளி என்றால் எந்த கிராபிக்ஸ் கார்டும் அதைச் சரிசெய்யாது.