உங்கள் ஊர் சந்தித்த இயற்கைச் சீற்றங்களில் மறக்க முடியாதது எது?

எனக்கு வேதாரண்யம். கேள்வியில் ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள், எங்கள் பக்கம் அதை ஒருமையில் சொல்வது கொஞ்சம் சிரமம்.

என் அப்பாயி வயதையே புயலை வைத்துத்தான் கணக்குப் போடும். "அம்பத்திரண்டு புயலப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. அம்பத்தஞ்சு புயலுக்கு உங்க பெரியத்தை கைக்குழந்தை. எழுபத்தேழுல உங்கப்பன் எட்டாவது படிச்சான்." ஆதார் அட்டையில் அதன் பிறந்த தேதி ஜனவரி 1. எது சரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கேயிருந்து நேராக இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்கும். கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, அந்த முக்கில்தான் நாங்கள். நிலம் தாம்பாளம் மாதிரித் தட்டை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்தது எங்கள் ஊர் உப்பை அள்ளத்தான். உப்பு விளைகிற மண்ணுக்குக் கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

1952-ல் வந்ததும் 1955-ல் வந்ததும் நவம்பர் கடைசி, டிசம்பர் பிறக்கிற நேரம். மூன்று வருட இடைவெளியில் அதே கார்த்திகை நடு. ஐம்பத்தைந்து புயல் எங்களுக்கு மேற்கே ராஜாமடம் பக்கம் கரையேறியது. அதில் கடல் பல மைல் தூரம் ஊருக்குள் வந்துவிட்டது. அப்பாயி அதைப் பற்றிப் பேசினால் காற்றைச் சொல்லாது, தண்ணீரைத்தான் சொல்லும். கிணறெல்லாம் உப்பாகிப்போய், குடிதண்ணீருக்கு மேற்கே நெடுந்தூரம் நடந்ததைச் சொல்லும்.

அப்புறம் 1977, நவம்பர் 12. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே அதிகாலையில் கரையைக் கடந்தது. தமிழ்நாட்டில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் இப்படி ஒரு புயலே தெரியாது. காரணம், சரியாக ஒரு வாரம் கழித்து ஆந்திராவில் திவிசீமைப் புயல் வந்து பத்தாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோய்விட்டது. நாட்டின் கவனமெல்லாம் அங்கே போனது, நியாயம்தான். இருந்தாலும் அப்பாவுக்கு அதில் இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமி எல்லோருக்கும் தெரியும். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர். ஆனால் வேதாரண்யம் பக்கம் சாவு நாகையோடும் வேளாங்கண்ணியோடும் ஒப்பிட்டால் குறைவு. மணல்மேடுகள் ஒரு காரணம். இன்னொன்று மரம். நாலுவேதபதி என்று பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே 2002-ல் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டு கின்னஸில் ஏறினார்கள். "சாதனைக்கு மரம் நடுறாங்களாம்" என்று அப்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டே வருடத்தில் அந்தத் தோப்புதான் அலையின் வேகத்தை உடைத்தது. கோடியக்கரையில் ஆயிரம் வருடமாக நின்ற சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் சிதைந்தது அதே அலையில்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கஜா புயல்தான்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு ஆபத்து என்றால் கடல் என்று பதிந்துவிட்டது. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம் என்ற எண்ணம். 2018 நவம்பரில் கஜா கடலுக்குள் சுற்றி வளைந்து வந்துகொண்டிருந்தபோது, "கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே" என்று செய்தியில் சொன்னார்கள். அது பாதித் தமிழ்நாட்டுக் கடற்கரை. ஆனால் முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தினார்கள், கடலோர மாவட்டங்களில் ஏறத்தாழ 80,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். அதனால்தான் எழுபத்தேழு மாதிரி பிணம் விழவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி, சுற்றித் தென்னை. பயமில்லை என்று இருந்துவிட்டோம். 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் வடக்கேயிருந்து அடிக்க ஆரம்பித்தது. வாடைக்காற்று எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் இது ஊளையிட்டது. ஒவ்வொரு மரம் விழும்போதும் தரை அதிர்வது படுத்திருந்த பாயில் தெரிந்தது. அப்புறம் ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறக்கப் போனார். அப்பாயி படுத்திருந்த இடத்திலிருந்தே கத்தியது: "திறக்காதடா, இன்னும் பாதி இருக்கு!"

புயலின் கண் எங்கள் மேல் கடந்துகொண்டிருந்தது. அது எனக்குப் பிறகு இணையத்தில் படித்துத் தெரிந்தது. அப்பாயிக்கு எழுபத்தேழிலேயே தெரியும். கொஞ்ச நேரத்தில் காற்று தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. முதல் காற்றில் வேர் தளர்ந்து நின்ற மரங்களையெல்லாம் இரண்டாவது காற்று எதிர்ப்பக்கமாகச் சாய்த்தது. விடிந்து பார்த்தால் தோப்பில் பாதி தெற்குப் பார்த்துக் கிடக்கிறது, பாதி வடக்குப் பார்த்துக் கிடக்கிறது. ஒரு மரம் அடுப்படிக் கூரைக்குள் இருந்தது. தாத்தா வைத்த மாமரம் வேரோடு மல்லாந்து கிடந்தது. முல்லைக் கொல்லை இருந்த இடம் தெரியவில்லை.

ஊருக்குள் போனால் உப்பளத்தில் சேறு, கடற்கரையிலும் முழங்காலளவு சேறு, படகைத் தள்ள வழியில்லை. கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்பு கரைந்து போயிருந்தது. கோடியக்காட்டில் மானும் குதிரையும் செத்துக் கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்பார்கள். அந்த மாதம் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்தபடி அம்மா இதைச் சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நிவாரணமாகத் தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள், மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. குறை சொல்லவில்லை, அரசாங்கத்துக்கும் ஒரு கணக்கு வேண்டுமே. ஆனால் காய்க்கிற தென்னை எங்கள் பக்கத்தில் ஓய்வூதியம் மாதிரி. அதுவும் நெட்டை ரகம், வைத்தவருக்கு மட்டுமல்ல, அவர் பேரனுக்கும் காய்க்கும். புதிதாக நட்டால் பாளை விடவே ஆறேழு வருடம். எனக்கு எது பெரிய சீற்றம் என்று முடிவுசெய்வதில் செத்தவர் எண்ணிக்கையைவிட இதுதான் நிற்கிறது. புயல் முடிந்த பிறகும் அது முடியாமல் ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டிருந்தது. காய் பறிக்க வருகிறவர் வரவில்லை, கீற்று முடைகிறவர்களுக்கு வேலை இல்லை, வியாபாரியின் வண்டி எங்கள் ரோட்டில் திரும்பவே இல்லை.

அடுத்த ஆடியில் கன்று வைத்தோம். விழுந்து கிடந்த மரங்களில் நீளமானதை அப்பா ஏற்கெனவே கயிற்றால் அளந்து, கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கயிற்றின் ஒரு முனையை வீட்டுச் சுவரில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு வடக்கே போய் ஒரு முளை அடித்தார். அப்புறம் தெற்கே போய் ஒன்று. முளைக்கு இந்தப் பக்கம் ஒரு கன்றுகூட வைக்க விடவில்லை.