வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் வங்கிக் கடன் பிரிவில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

கொக்குவில்: அண்ணை, கடனுக்குக் கொடுத்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. கிளைக்குப் போனால் "புரொசஸில இருக்கு" என்கிறார்கள். இன்னும் எவ்வளவு காலம்?

அந்தப் பதிலோடு வீட்டுக்குத் திரும்பி வராதீர்கள். உங்கள் பைல் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேளுங்கள். முதலில் கிளையில் வருமானமும் பழைய கடன்களும் பார்ப்பார்கள். பிறகு மதிப்பீட்டாளர் வந்து காணியைப் பார்ப்பார். வங்கியின் சட்டத்தரணி காணி உறுதிகளைப் படித்து, காணி யாருக்குச் சொந்தம் என்று உரித்து அறிக்கை தருவார். அதன் பிறகுதான் கடன் தொகையைப் பொறுத்து கிளையோ பிராந்திய அலுவலகமோ கொழும்போ கையெழுத்து வைக்கும். நான் பார்த்தவரையில் தாமதத்தில் பெரும்பகுதி சட்டத்தரணியின் மேசையில்தான். அதிலும் பாதி நேரம் அவர் ஏதோ ஒரு கடதாசி கேட்டிருப்பார், அந்தத் தகவல் உங்களுக்கு வந்தே சேர்ந்திருக்காது. "உரித்து அறிக்கை வந்துவிட்டதா, வரவில்லை என்றால் என்ன குறை?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்.

கோண்டாவில்: அம்மம்மாவின் காணி. அவர் இறந்த பிறகு அம்மா எனக்கு நன்கொடை உறுதி எழுதித் தந்தார். இப்போது வங்கிச் சட்டத்தரணி 30 வருடப் பதிவு கேட்கிறார், கனடாவில் இருக்கும் மாமாவின் கையெழுத்தும் வேண்டுமாம். உறுதி என் பெயரில்தானே இருக்கிறது?

உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம் தம்பி. ஆனால் அம்மா தன்னிடம் இருந்ததைத்தான் உங்களுக்குத் தந்திருக்க முடியும். அம்மம்மா மரணசாசனமோ உறுதியோ எழுதாமல் இறந்திருந்தால், அந்தக் காணி பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிபடாத பங்காகப் போயிருக்கும். மாமாவும் ஒரு பங்காளி. நீங்கள் முழுக் காணியையும் ஈடு வைக்கப் பார்க்கிறீர்கள், சட்டத்தரணி உங்கள் கையில் பாதிதான் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார். அவர் செய்வது சரி.

30 வருடம் என்பது வங்கிகளின் வழக்கம். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவுப் பக்கங்களை எடுத்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது, நடுவில் வேறு ஈடு ஏதும் இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா என்று கோர்த்துப் பார்ப்பார்கள். 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி முறையாகவும் முதலிலும் பதிந்தவருக்கே முன்னுரிமை. அதனால் வங்கி தன் ஈட்டுக்கு முன்னால் வேறு எதுவும் நிற்கக் கூடாது என்று பார்க்கும்.

மாமா மனம் வைத்தால் வழி சுலபம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம், முடித்து அனுப்பட்டும். அதை இங்கே பதிந்து, இங்கிருக்கும் ஒருவர் மாமாவுக்காக அவருடைய பங்கை உங்களுக்கு எழுதலாம். தத்துவத்தில் அந்தக் காணியின் விபரமும், அதைக் கைமாற்றும் அதிகாரமும் தெளிவாக இருக்க வேண்டும். பொதுவாக "என் காரியங்களைப் பார்க்க" என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமா மனம் வைக்காவிட்டால் 1977 இன் பிரிவிடற் சட்டத்தின்படி பங்கு பிரிக்கக் கேட்டு வழக்கு. அது வருடக்கணக்கில் போகும், கடனை அதுவரை மறந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நம் ஊர் உறுதிகளில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்" என்று ஒரு வரி வரும். வங்கி ஆள் வந்து பார்க்கும்போது ஒழுங்கை எவ்வளவு அகலம், அது உறுதியிலும் பிளானிலும் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனதில்தான் நடக்கிறீர்களா என்று கேட்பார். நடந்து பழகிய வழி கடதாசியில் இல்லை என்றால் அதையும் எழுதி முடிக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டோடு பேச்சு இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

சுன்னாகம்: நான் ஆசிரியை. காணி எனக்கு வந்த சீதனம், கடனைக் கட்டப் போவதும் என் சம்பளத்தில். ஏன் கணவரின் சம்மதம் கேட்கிறார்கள்?

தங்கச்சி, இது வங்கி வைத்த நிபந்தனை இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு 1911 இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு அந்தச் சட்டத்தில் இல்லை. நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் சம்மதம் இல்லாத ஈட்டுறுதி வங்கிக்குப் பிரயோசனமில்லை. கணவர் பிரிந்து போயிருந்தாலோ, காரணமில்லாமல் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அந்த அனுமதியைக் கேட்கலாம்.

சாவகச்சேரி: பேசிய விலையைவிட வங்கியின் மதிப்பீடு நல்லாய்க் குறைவாக வந்துவிட்டது. மாற்றச் சொல்லலாமா?

கேட்கலாம், பெரும்பாலும் மாறாது. மதிப்பீட்டாளர் இரண்டு தொகை எழுதுவார், ஒன்று சந்தைப் பெறுமதி, மற்றது அவசரத்தில் விற்றால் கிடைக்கக்கூடியது. வங்கி இரண்டாவதையும் மனதில் வைத்துத்தான் கடனைத் தீர்மானிக்கும். பக்கத்துக் காணி பரப்பு இவ்வளவுக்குப் போனது என்று வாயால் சொன்னால் எடுபடாது, அந்த விற்பனை உறுதியின் பிரதி வேண்டும். அதில்தான் சிக்கல். முத்திரைச் செலவைக் குறைக்க எல்லோரும் உறுதியில் குறைத்து எழுதுகிறோம், பிறகு அதே தொகை நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பரப்பளவைச் சரிபாருங்கள். மேட்டுக் காணியில் 1 பரப்பு 10 பேர்ச். பழைய உறுதியில் இருப்பதற்கும் புதிய பிளானில் வருவதற்கும் வித்தியாசம் இருந்தால் குறைந்ததைத்தான் எடுப்பார்கள்.

நல்லூர்: நண்பனின் லீசிங்குக்குப் பிணை வைத்தேன். அவன் கட்டவில்லை. என் கடனுக்கு இது இடிக்குமா?

இடிக்கும். கடன் தகவல் பணியகத்தின் (CRIB) அறிக்கையில் நீங்கள் எடுத்த கடனோடு நீங்கள் பிணை நின்றதும் வரும். உங்கள் அறிக்கையை நீங்களே காசு கட்டி எடுக்கலாம், வங்கி சொல்லும்வரை பார்த்திருக்க வேண்டாம். நண்பனைக் கூட்டிக்கொண்டு போய் நிலுவையைக் கட்ட வைத்துவிட்டு, அந்த நிறுவனத்திடம் ஒரு கடிதமும் வாங்குங்கள்.

மானிப்பாய்: வீடு விற்பவருக்கு 10 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி. கடன் தாமதமாகிறது, அவர் வேறு ஆளுக்கு விற்கப் போவதாகச் சொல்கிறார்.

1840 இலிருந்து இங்குள்ள சட்டம் ஒன்றுதான். காணி விற்பனைக்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளை வைத்து அவரை விற்க வைக்க முடியாது. காசைத் திருப்பிக் கேட்க அது உதவும், அவ்வளவுதான். இப்போதே நொத்தாரிசிடம் போய் முறையான உடன்படிக்கை எழுதுங்கள். வங்கி கடன் தராவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரியும், போதுமான கால அவகாசமும் அதில் இருக்கட்டும். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

தெல்லிப்பழை: 1990 இல் இடம்பெயர்ந்தபோது அப்பாவின் உறுதி தொலைந்துவிட்டது. காணி இப்போது எங்கள் கையில். உறுதி இல்லாமல் கடன் கிடைக்காதா?

நொத்தாரிசு உறுதி எழுதும்போது இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவு இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ வருடமோ தெரிந்தால் அதிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள், எல்லை விபரத்தில் அப்பாவின் பெயர் வரும், தேடுவதற்கு அது ஒரு தொடக்கம். தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடும் சத்தியக் கடதாசியும் வங்கி கேட்கும். மூல உறுதி இல்லாமல் சில வங்கிகள் கை வைக்காது, அதை விண்ணப்பிக்க முன்னரே கேட்டுவிடுங்கள்.

பருத்தித்துறை: அனுமதிக் கடிதம் வந்துவிட்டது! மேசன் திங்கட்கிழமை தொடங்கலாம் என்கிறார்.

சந்தோசம். ஆனால் கடிதம் வந்த அன்று காசு வராது. ஈட்டுறுதி எழுதி, பதிந்து, காப்புறுதி எடுத்த பிறகுதான் விடுவார்கள். கட்டுமானக் கடன் என்றால் அதுவும் கட்டம் கட்டமாக, அத்திவாரம், சுவர், பிளேட் என்று முடிந்த வேலையைப் பார்த்துப் பார்த்து. முதல் கட்டத்துக்கு உங்கள் கைக்காசு வேண்டும். மேசனுக்கு இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கடிதத்தில் வட்டி நிலையானதா, மாறுவதா என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டியில் இருந்தவர்கள் அதற்குப் பிறகு பட்ட பாடு எனக்குத் தெரியும். 50 இலட்சம், 15 வருடம் என்று வையுங்கள். 12 வீதத்தில் மாதத் தவணை சுமார் 60,000 ரூபாய், 20 வீதத்தில் சுமார் 87,800. இரண்டாவது தொகையையும் உங்கள் சம்பளம் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

ஊர் குறிப்பிடாதவர்: மனேஜரைத் தெரிந்த ஒருவர், கொஞ்சம் காசு தந்தால் கெதியாய் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். சட்டத்தரணிக்கு வேண்டிய கடதாசியை அவரால் உண்டாக்க முடியாது. உண்டாக்கினால் இன்னும் மோசம்.

கோப்பாய்: காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலைக்கு மாறலாமா? நல்ல சம்பளம்.

காசு கைக்கு வரும்வரை பொறுங்கள். புதிய வேலை என்றால் நிரந்தர நியமனக் கடிதம், புதிய சம்பளச் சிட்டைகள் எல்லாம் திரும்பக் கேட்பார்கள், பைல் முதல் மேசைக்கே போகும். இந்த நேரத்தில் கடன் அட்டையில் பெரிய பொருள் எதுவும் வாங்காதீர்கள், மோட்டார் சைக்கிள் லீசிங்கும் எடுக்காதீர்கள்.