லியூசின் தூள் மட்டும் போதுமா?

கேள்வி: ஜிம்மில் லியூசின் தூளைப் பரிந்துரைக்கிறார்கள். அது செல்லை எழுப்பி தசையை வளர்க்குமாம். காலைப் பசியாறலுக்குப் பதில் அதையே குடிக்கலாமா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: லியூசின் என்பது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. அது செல்லை எழுப்பும் என்பது உண்மை. வளர்க்கும் என்பது பாதி உண்மைதான்.

செல்லுக்குள் லைசோசோம் என்ற சிறு பை உண்டு. வளர்ச்சிக்கான உத்தரவு அதன் மேற்பரப்பில்தான் பிறக்கிறது. லியூசின் குறைந்திருக்கும்போது செஸ்ட்ரின்-2 என்ற புரதம், வளர்ச்சிக்கு வழிவிடும் காட்டர்-2 என்ற புரதத் தொகுதியைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். லியூசின் வந்து செஸ்ட்ரினில் ஒட்டியதும் பிடி தளர்கிறது. உடனே ராக் என்ற புரதங்கள், வளர்ச்சி உத்தரவைப் போடும் எம்டார்-1 என்ற புரதத் தொகுதியை லைசோசோமுக்கு இழுத்து வருகின்றன. ஆனால் அங்கே அதை முடுக்கிவிடுவது ரெப் என்ற இன்னொரு புரதம். ரெப்புக்குப் பூட்டைத் திறப்பது இன்சுலின். செல்லில் ஆற்றல் குறைந்தால் ஆற்றலைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே என்ற புரதம் குறுக்கே வந்து எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் புரதம் கட்ட 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் 9 உணவிலிருந்தே வர வேண்டியவை. உங்கள் தூளில் இருப்பது ஒன்றே ஒன்று. கொத்தனார் வந்து நிற்கிறார், செங்கல் இல்லை! மற்ற எட்டுக்கும் உடல் தன் சொந்தப் புரதத்தைத்தான் உடைக்கும்.

ஆகவே பசியாறலைத் தவிர்க்காதீர்கள். ஒரு வேளைக்கு 2 முதல் 3 கிராம் லியூசின் நல்ல இலக்கு. ரொட்டி சானாயும் பருப்புக் கறியும் மட்டும் அதை எட்டுவது கடினம். கூடவே 2 முட்டையும் 100 கிராம் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) சேர்த்தால் ஏறக்குறைய எட்டிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.