டைட்டானியம் ரேக்கில் மின்சாரம் எங்கே நிற்கிறது?

வீட்டில் அனோடைசிங் (அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியப் பொருளின்மேல் ஆக்சைடு படலம் வளர்த்தல்) செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, பொருளைத் தொட்டியில் தொங்கவிட அலுமினியக் கம்பியை விட்டு டைட்டானியம் ரேக்குக்கு மாறினேன். சுவிட்சைப் போட்டதும் ஆம்பியர் ஏறுகிறது, இரண்டே நிமிடத்தில் விழுந்துவிடுகிறது. சாயமும் பிடிக்கவில்லை. வேறு பவர் சப்ளை வாங்கட்டுமா? (பேட்டை)

வாங்காதீர்கள். படலம் வளர வளர ஆம்பியர் கொஞ்சம் இறங்குவது இயல்பு. சுழிக்குப் பக்கம் போனால் ரேக்கும் பொருளும் தொடுகிற இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் டைட்டானியம் தன்மேல் மெல்லிய ஆக்சைடைப் போர்த்திக்கொண்டு, அமிலத்துக்குள் மின்சாரம் கசியாமல் தடுக்கிறது. அந்தக் குணத்துக்காகவே அதை வாங்குகிறோம். பிடி தளர்ந்தால் அதே குணம் எதிரியாகிறது. இடுக்கில் அமிலம் புகும், அலுமினியத்தின் பக்கமும் ஆக்சைடு வளரும், பாதை அடைபடும். அதன்பிறகு கம்பியை அழுத்திப் பார்த்துப் பயனில்லை. காஸ்டிக் சோடாக் கரைசலில் படலத்தை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

ரேக்கின் முனையை மட்டும் அரத்தால் தேய்த்து, ஸ்பிரிங் போலக் கவ்வும்படி வளையுங்கள். கொக்கியில் சும்மா தொங்கவிடுவது பிடிப்பு ஆகாது. தொட்டியில் இறக்குமுன் ரேக்கின் தலைக்கும் பொருளுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். பொருளைத் தட்டினாலும் எண் ஆடக்கூடாது. பழைய ரேக்கில் மீட்டர் முனையைக் குத்தி அழுத்துங்கள், இல்லையென்றால் மேல்படலம் ஏமாற்றிவிடும்.

கேள்வி: ரேக் முழுவதும் நீலமாகிவிட்டது. கெட்டுவிட்டதா? (பாளையங்கோட்டை)

இல்லை. வோல்ட்டுக்கு ஏற்ப ஆக்சைடின் கனம் மாறும், கனத்துக்கு ஏற்ப நிறம் மாறும். தொடும் முனைகளைத் தவிர வேறெங்கும் தேய்க்காதீர்கள். நிறத்தைப் போக்குவதற்காக ஃபுளோரைடு கலந்த துரு நீக்கியில் முக்கவும் வேண்டாம். அது டைட்டானியத்தையே அரித்துவிடும்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் 2 மி.மீ. டைட்டானியம் கம்பி கிடைத்தது. 15 ஆம்பியரில் தொட முடியாத சூடு. (அம்பாசமுத்திரம்)

கிடைத்ததே பெரிது. நம் தேரி மணலில் இல்மனைட் என்ற தாதுவாக டைட்டானியம் கொட்டிக் கிடக்கிறது. கம்பியாக வேண்டுமென்றால்தான் அலைய வேண்டியிருக்கிறது.

மின்சாரத்தைக் கடத்துவதில் சுத்த டைட்டானியம் அலுமினியத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் தேறும். உங்கள் கம்பியில் 30 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 9 வாட் சூடாகவே போகிறது. அது அலுமினியமும் வனேடியமும் கலந்த உலோகக்கலவையாக இருந்தால் இழப்பு நான்கு மடங்கு. இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துக் கட்டுங்கள், அல்லது தடித்த பட்டைக்கு மாறுங்கள். செம்பு கேபிளை அமில மட்டத்துக்கு மேலேயே, ஆனால் முடிந்தவரை அருகில் இணையுங்கள். கம்பி குளிர்ந்திருந்து இணைப்பு மட்டும் சுட்டால் போல்ட்டை முறுக்கினால் போதும்.

கேள்வி: ஆம்பியர் உச்சத்தில் நிற்கிறது, வோல்ட் ஏறவே மறுக்கிறது. (வள்ளியூர்)

வோல்ட் சுழியை ஒட்டி நின்றால் ரேக்கோ பொருளோ தொட்டியில் எதிர்முனையாக நிற்கும் காரீயத் தகட்டைத் தொடுகிறது. சில வோல்ட்டில் நின்று, ஏதாவது ஒரு போல்ட்டிலிருந்து குமிழ்கள் பொங்கினால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். மின்சாரத்தை அதுவே விழுங்குகிறது. பொருள் தொங்கும் பக்கத்தில் டைட்டானியமும் அலுமினியமும் தவிர வேறெதுவும் அமிலத்தில் நனையக் கூடாது.

கேள்வி: சித்திரை வெயிலில் ஆம்பியர் தானாகவே கூடுகிறது, படலம் சுண்ணாம்புபோல உதிர்கிறது. (மேலப்பாளையம்)

ரேக்கின் மேல் பழி போடாதீர்கள், அமிலம் சூடாகியிருக்கிறது. 20 முதல் 22 டிகிரிக்குள் வைத்திருங்கள். வெப்பம் கூடினால் வளர்கிற படலத்தை அமிலமே கரைக்கும். உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களை நன்றாக மூடித் தொட்டியில் மிதக்கவிட்டு, தெர்மாமீட்டர் இறங்கிய பிறகு சுவிட்சைப் போடுங்கள்.