மாயாவியின் கை தெரியத்தான் வேண்டும்

வணக்கம் சார்,

நான் வியாசர்பாடியில் இருக்கிறேன். ஏசி மெக்கானிக். சூப்பர் ஹீரோ படம் எது வந்தாலும் முதல் வாரமே எங்க செட்டோடு போய்விடுவேன். கொஞ்ச நாளாக என்னைக் கூப்பிடவே நண்பர்கள் யோசிக்கிறார்கள். இடைவேளையில் நான் வாயை மூடுவதில்லையாம். என்ன செய்வது, பார்த்தால் ஆத்திரம் வருகிறது. காமிக்ஸில் வில்லன் தானோஸ் மரண தேவதை மேல் ஆசைப்பட்டுத்தான் பிரபஞ்சத்தில் பாதியை அழிக்கிறான். படத்தில் சோறு பத்தாது, தண்ணீர் பத்தாது என்கிறான். ஸ்பைடர்மேன் தானே செய்த கருவியால் வலை விடுகிறவன். 2002 படத்தில் மணிக்கட்டிலிருந்தே வலை வருகிறது. இதைச் சொன்னால், "புக் வேற, படம் வேற. விசில் அடிச்சோமா, கிளம்பினோமான்னு இரு" என்கிறார்கள். இத்தனை வருஷம் வரைந்தவர்களுக்கு மரியாதை வேண்டாமா சார்? டைரக்டர் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

இன்னொன்று. மாமா சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ் எல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன. இரும்புக்கை மாயாவியை நம்ம ஏரியாவில் நடக்கிற மாதிரி ஒரு குறும்படமாக எடுக்கலாம் என்று நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், வியாசர்பாடி
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

இடைவேளையில் பேசுங்கள், தப்பில்லை. படம் ஓடும்போது பேசினால் நானே நண்பர்கள் பக்கம் சேர்ந்துவிடுவேன்.

காமிக்ஸில் இப்படி இல்லை என்கிறீர்கள். எந்த வருஷத்துக் காமிக்ஸில்? 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கொண்டுவந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரே தாவில் எட்டில் ஒரு மைல் போவான், அவ்வளவுதான். 1941-இல் தொடங்கிய கார்ட்டூன் படங்கள்தான் அவனை வானத்தில் ஏற்றிப் பிரபலமாக்கின. அவனைச் சாய்க்கும் கிரிப்டோனைட் கல் 1943-இல் வானொலி நாடகத்தில் வந்தது. காமிக்ஸுக்குள் நுழைய 1949 ஆனது. 1939-இல் வந்த ஆரம்பக் கதைகளில் பேட்மேன் துப்பாக்கி எடுத்திருக்கிறான், ஆட்களைக் கொன்றும் இருக்கிறான். கொல்ல மாட்டேன் என்ற விரதம் பிறகு வந்தது. ஹார்லி குவின் 1992-இல் டிவி கார்ட்டூனில் பிறந்தவள். அவளைக் காமிக்ஸ்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் ஸ்பைடர்மேனிலேயே ஒன்று சொல்கிறேன். பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்ற வரியைச் சொன்னது யார் என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்பைடர்மேனை வளர்த்த பென் மாமா என்பார்கள். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்த முதல் கதையில் அதை யாரும் பேசவில்லை. கடைசிக் கட்டத்தில், ஸ்பைடர்மேனான பீட்டர் தனியாக நடந்து போகும் படத்தின் மேல், கதை சொல்பவரின் வரியாக வருகிறது. பென் மாமாவின் வாயில் அது நிலைத்தது பின்னால் வந்தவர்களால். இன்று அந்த வசனம் அவர் பேசாமல் படம் வந்தால் சண்டைக்குப் போவது நாம்தான்.

ஆக, அசல் பிரதி என்று ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவியை ஆட்ட முடியாது. அதற்காக உங்கள் நண்பர் சொல்கிற மாதிரி புக் வேற, படம் வேற என்று கையைக் கழுவிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. 2009-இல் ஒரு வுல்வரின் படத்தில் டெட்பூலின் வாயைத் தைத்துவிட்டார்கள். வாயாடித்தனம்தான் அவனுக்கு அடையாளம். வாயை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கத்தி வைத்திருக்கும் யாரோ ஒருவன். 2016-இல் வாயைத் திருப்பிக் கொடுத்ததும் படம் எப்படி ஓடியது என்று உங்களுக்கே தெரியும். அதே வுல்வரின் காமிக்ஸில் 5 அடி 3 அங்குலம். அவனாக நடித்த ஹியூ ஜாக்மேன் ஆறடிக்கு மேல். மஞ்சள் உடுப்பும் பல வருஷம் கிடையாது. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், அப்புறம் யாருக்கும் அது நினைவில்லை. உயரம் மாறியதைப் பொறுத்தவர்கள் வாய் மூடப்பட்டதை ஏன் பொறுக்கவில்லை?

நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு ஹீரோவால் என்ன முடியும் என்பதை இஷ்டத்துக்கு மாற்றலாம். அவனால் எது முடியாது, எதற்கு அவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதைத் தொடும்போதுதான் கதை கையைவிட்டுப் போகிறது.

வலையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியில் வரும் வலைக்கு ஒரு அழகு உண்டு. கையில் காசில்லாத, மூளையுள்ள பையன் தானே செய்தது. சண்டை நடுவில் தீர்ந்தும் போகும். 2002 படம் அந்தத் தீர்ந்துபோகும் பயத்தை எடுத்துவிட்டது, உங்கள் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2004-இல் வந்த இரண்டாம் படம் அதை வேறு கணக்கில் திருப்பிக் கட்டியது. பீட்டரின் மனசு உடைந்தால் வலை வராது. பாதி வானத்தில் கை விரித்துவிடும், ஆள் விழுவான். கருவியில் திரவம் தீர்வதைவிட இது எனக்கு ஒரு படி மேல். இன்னொரு கூத்து, அதே 2004-இல் காமிக்ஸ் பீட்டருக்கும் உடம்பிலிருந்தே வலை வர வைத்தார்கள். அப்புறம் பழைய கருவிக்கே திரும்பினார்கள்.

இதைவிடச் சிக்கலானது சூப்பர்மேன் வில்லன் ஜாட்டின் கழுத்தை முறிப்பது. 2013 படத்தைப் பார்த்துவிட்டு, சூப்பர்மேன் கொல்லவே மாட்டான், காமிக்ஸ் தெரியாதவன் எடுத்த படம் என்று கத்தினார்கள். 1988-இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த கதையில் சூப்பர்மேன் ஜாட் உட்பட மூன்று பேரை கிரிப்டோனைட்டால் கொல்கிறான். ஆக, படம் காமிக்ஸுக்கு விரோதமாக எதையும் செய்யவில்லை. பிறகு ஏன் உறுத்துகிறது? காமிக்ஸில் அந்தக் கொலை அதோடு முடியவில்லை. அடுத்தடுத்த கதைகளில் அவன் மனம் பேதலிக்கிறது. தன்னால் மனிதர்களுக்கு ஆபத்து என்று பூமியைவிட்டே போய் விண்வெளியில் அலைகிறான். படத்தில் அவன் ஒருமுறை அலறுகிறான். அடுத்த காட்சியிலேயே ராணுவத் தளபதியோடு பேச்சு, ஒரு சின்ன ஜோக். அந்த இடத்தில்தான் எனக்கும் படம் விட்டுப்போனது.

நமக்கு இந்தச் சண்டை புதிதும் அல்ல. வால்மீகியில் ராவணன் சீதையை மயிரைப் பிடித்துத் தூக்கிப் போகிறான். கம்பன் அதை ஏற்கவில்லை. பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்துத் தூக்கவைத்தான். மூலத்தில் இல்லாத இரணியன் வதையை ஒரு முழுப் படலமாகவே சேர்த்தான். இவ்வளவு துணிச்சல் உள்ளவன், வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றதை நேருக்கு நேர் சண்டையாக மாற்றியிருக்கலாமே? ராமனுக்கு அதைவிடப் பெரிய உதவி இருந்திருக்காது. மாற்றவில்லை. மாறாக, விழுந்து கிடக்கும் வாலிக்கு வாயைக் கொடுத்து, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கவிட்டான். தன் நாயகனுக்கு எது சங்கடமோ அதை மட்டும் தொடாமல் விட்டான். பட்டிமன்றங்கள் இன்னும் அந்த ஒரு அம்பில்தான் பிழைக்கின்றன.

நீங்கள் கேட்ட தானோஸுக்கு வருகிறேன். ஜிம் ஸ்டார்லினின் 1991 கதையில் அவன் காதல் பித்தன். எத்தனை உயிரைப் பறித்துக் கொடுத்தாலும் மரண தேவதை அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பரிதாபம் படத்தில் இல்லாதது எனக்கும் குறைதான். படத்தில் அவன் சொல்லும் பொருளாதாரம் சுத்தப் பேத்தல். 2018-இல் உலக மக்கள்தொகை சுமார் 760 கோடி. பாதியாக்கினால் கிட்டத்தட்ட 1972-இல் இருந்த அளவு வரும். அதாவது சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய வருஷத்துக்குப் போய் நிற்போம். இதற்கா பிரபஞ்சம் முழுக்க அலைந்து இத்தனை சக்திக் கல் பொறுக்கினான்? ஆனால் மகளைக் கொடுத்தால்தான் அவற்றில் ஒன்றான ஆன்மக் கல் கிடைக்கும் என்று அவனை நிறுத்தும் மலையுச்சிக் காட்சி காமிக்ஸில் இல்லை. அங்கே அவன் நிஜமாகவே எதையோ இழக்கிறான். தேவதையை எடுத்துக்கொண்டு மகளைக் கொடுத்தார்கள். நான் இந்த வியாபாரத்துக்குச் சம்மதிக்கிறேன். நீங்கள் சம்மதிக்க வேண்டியதில்லை.

மரியாதை என்று ஒரு சொல் போட்டிருந்தீர்கள். வரைந்தவர்களுக்கு மரியாதை வேண்டும், சரி. வரையப்பட்டவர்களுக்கு? பிளாக் பாந்தரின் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவைச் சேர்ந்த எம்பாகு 1969 காமிக்ஸில் வெள்ளைக் கொரில்லாத் தோலைப் போர்த்திக்கொண்டு வரும் வில்லன். பட்டப்பெயர் குரங்கு மனிதன். ஒரு கறுப்பின மனிதனை அப்படி. 2018 படத்தில் அந்தப் பட்டப்பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, அவனை மலைவாழ் ஜபாரிகளின் தலைவனாக, நக்கலும் கம்பீரமும் உள்ள ஆளாக எடுத்தார்கள். குங்ஃபூ ஹீரோ ஷாங்-சியின் அப்பா 1973 காமிக்ஸில் ஃபூ மாஞ்சு. சீனர்கள் என்றாலே சூழ்ச்சிக்காரர்கள் என்ற வெள்ளைக்காரப் பயத்திலிருந்து முளைத்த பாத்திரம் அது. 2021 படம் அவனை நீக்கிவிட்டு, மனைவியை இழந்து தவிக்கும் ஒரு மனிதனைக் கொண்டுவந்தது. உள்ளது உள்ளபடி எடுத்திருந்தால் பழைய அவமானத்தைப் பெரிய திரையில் புதுசாக அச்சடித்த மாதிரி ஆகியிருக்கும்.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. வடசென்னை என்றால் லுங்கி, பட்டாக்கத்தி, பின்னால் ஒரு குப்பைமேடு என்று எத்தனை படம் பார்த்திருப்பீர்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு சினிமா வடசென்னையை மூலமாக வைத்துக்கொண்டு, அதற்கு விசுவாசமாக அடுத்த படம் எடுக்கிறார்கள். ஏரியாவில் நடந்து பார்த்து யாரும் எடுப்பதில்லை என்று சொல்ல மாட்டேன், இப்போது சிலர் எடுக்கிறார்கள். ஆனால் நகலுக்கு நகல் எடுப்பவர்களும் விசுவாசிகள்தான், அவர்களுக்குத் தோன்றுகிற வகையில்.

கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இல் வந்த வாட்ச்மென் இருக்கிறது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் செய்த காமிக்ஸின் பல கட்டங்கள் கேமரா கோணம் மாறாமல் திரையில் வந்தன. முடிவில் மட்டும் பெரிய மாற்றம். ரசிகர்கள் அந்த முடிவைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு. காமிக்ஸில் அடிதடி அசிங்கமாக, பார்க்கவே கூசும்படி இருக்கும். படத்தில் ஸ்லோ மோஷனில் எலும்பு உடைவதை ரசிக்கவைக்கிறார்கள். கட்டம் அதேதான், பார்வை நேர் எதிர்.

சரி, உங்கள் மாயாவி. ஆங்கில மூலத்தில் அவன் பெயர் லூயிஸ் கிராண்டேல். 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் வந்தவன், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. வலது கை போய் இரும்புக் கை பொருத்தியவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. கொஞ்ச நேரத்தில் சக்தி இறங்கிவிடும், மறுபடி ஷாக் வாங்க வேண்டும். முதல் கதையில் அவன் நல்லவனும் இல்லை. மறையத் தெரிந்ததும் திருட்டுப் புத்திதான் வந்தது. உளவாளி ஆனதெல்லாம் பிறகு.

லண்டனை எடுத்துவிடுங்கள், கோட்டு சூட்டை எடுத்துவிடுங்கள், உளவுத் துறையையும் விட்டுவிடுங்கள். ஆய்வுக்கூடம் எதற்கு? மணலி, திருவொற்றியூர் பக்கம் பவர் பிரஸ்ஸில் கை கொடுத்தவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். கை மட்டும் தெரிவதில் சமரசம் வேண்டாம். கிராபிக்ஸ் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று கையையும் மறைத்தால் அவன் வெறும் பேய். முதலில் திருடப் பார்ப்பதையும் வெட்டாதீர்கள்.

உங்கள் ஏரியா அவனுக்குக் கொடுக்கக்கூடிய ஒன்று லண்டனிடம் இல்லை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது தெருமுனை ஈபி பெட்டியைப் பார்த்தாலே வியாசர்பாடியில் அடிவயிறு கலங்கும். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பார்கள். அந்தப் பெட்டியை நோக்கி ஒருவன் தானாக நடந்து போகிறான், அவனுக்குச் சக்தி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வலிக்கிறது, ஒவ்வொரு முறையும் பயப்படுகிறான். பேசின் பிரிட்ஜ் மின் நிலையம் பக்கத்திலேயே இருந்தும், முக்கியமான நேரத்தில் கரன்ட் போய்விடுகிறது. தியேட்டரில் இதற்குச் சிரிப்பு வரும், அடுத்த நொடி நிற்கும். பிளாஸ்கோ வரையாத காட்சிதான், இருந்தாலும் இதை மாயாவி கதை இல்லை என்று உங்கள் மாமா சொல்ல மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாத்திரத்தின் உரிமை இப்போது ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதிப் பாருங்கள். பதில் வராவிட்டால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. இரும்புக் கையையும் விட்டுவிட்டு உங்களுக்கென்று ஓர் ஆளை உருவாக்க வேண்டியிருக்கும், அவனுக்கும் மறைக்க முடியாத ஏதாவது ஒன்றை வையுங்கள். அப்புறம், ஈபி பெட்டிக் காட்சியை நிஜப் பெட்டி பக்கத்தில் எடுக்காதீர்கள். பிளைவுட்டில் ஒன்று செய்து சாம்பல் பெயின்ட் அடித்தால் கேமராவுக்குப் போதும். கரன்ட்டைப் பற்றி ஏசி மெக்கானிக்குக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம், கூட வருகிற மூன்று பேருக்கும் நீங்கள் எடுத்துவிடுங்கள்.