மஸ்கெலியா கடைக்கு எக்ஸ்பி: சீடியைப் போடுவதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள்

மஸ்கெலியாவில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பில் அடிக்கிற புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடுமாம். பழைய ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. லேப்டொப் ஒன்றிலிருந்து கழற்றிய 500 ஜீபி டிஸ்க்கைப் பூட்டி எக்ஸ்பி சீடியைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் நீலத்திரை வந்து, 7பி என்று முடிகிற ஒரு எண்ணோடு நின்றுவிடுகிறது. டிஸ்க் பழுதா என்று கேட்கிறார்.

தம்பி, அநேகமாக டிஸ்க்கில் பிழை இல்லை. 7பி என்றால் விண்டோஸுக்கு டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். எக்ஸ்பி வந்தது 2001இல், அப்போது பட்டைக் கேபிள் போட்ட டிஸ்க்தான் எங்கும் இருந்தது, பிறகு வந்த, டிஸ்க்கோடு பேசும் ஏஎச்சிஐ என்ற புது முறைக்கான டிரைவர் அந்த சீடியில் கிடையாது. மெஷினைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் மெஷினின் செட்டிங் திரை) போங்கள், சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஎச்சிஐ இருந்தால் பழைய முறையான ஐடிஇ என்று மாற்றி சேவ் பண்ணுங்கள். நீலத்திரை போய்விடும்.

ஆனால் உடனே இன்ஸ்டோல் பண்ண ஓடாதீர்கள். கழற்றிய டிஸ்க் என்கிறீர்கள், அதை யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு ஒரு விண்டோஸ் 10 மெஷினில் செருகி, உள்ளே இருப்பதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் அதன் நிலையைப் பாருங்கள். 'கோஷன்' (எச்சரிக்கை) என்று மஞ்சளில் காட்டினால் அந்த டிஸ்க்கில் கடைக் கணக்கை வைக்காதீர்கள், அவ்வளவுதான். சத்தம் போட்ட பழைய டிஸ்க்கில் பில் கணக்கு மாட்டியிருந்தால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் உள்ளே இன்னும் கீறல் விழலாம்.

டிஸ்க் நல்லதென்றால், பார்ட்டிஷனையும் (டிஸ்க்கைப் பிரிக்கும் பகுதி) அந்த விண்டோஸ் 10 மெஷினிலேயே போட்டுவிடுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ்பி தானாகப் பார்ட்டிஷன் போட்டால் 63ஆவது செக்டரில் (512 பைட் கொண்ட சின்னத் துண்டு) தொடங்கும். 2011க்குப் பிறகு வந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளே 4096 பைட் துண்டுகளாக எழுதுபவை, 63 அந்தத் துண்டின் நடுவில் போய் விழுவதால் ஒன்றை எழுத இரண்டைத் தொட வேண்டிவருகிறது, மெஷின் இழுத்துக்கொண்டே கிடக்கும். விண்டோஸ் 10 ஒரு எம்பி தள்ளி 2048இல் தொடங்குவதால் அந்தப் பிரச்சினையே வராது. டிஸ்க் மெனேஜ்மென்ட்டில் பழைய பார்ட்டிஷன்களை அழித்து, பார்ட்டிஷன் விபரத்தைப் பதியும் பழைய எம்பிஆர் முறையில் வைத்து (புது முறையான ஜிபிடி என்றால் நீங்கள் போடும் 32 பிட் எக்ஸ்பிக்கு அது தெரியாது), 60 ஜீபி அளவில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒன்று போட்டு, மெஷின் அதிலிருந்து எழும்புவதற்கு அதை 'ஆக்டிவ்' என்று குறியுங்கள். மிச்ச இடத்தை இன்னொரு பார்ட்டிஷனாக்கி பில் கணக்கின் கொப்பிக்கு வையுங்கள்.

சரி, இப்போது சீடி. சர்விஸ் பெக் 2 அல்லது 3 உள்ளதாக இருக்கட்டும், முதலில் வந்த எக்ஸ்பிக்கு 137 ஜீபிக்கு மேல் டிஸ்க் தெரியாது. பட்டியலில் அந்த 60 ஜீபியைத் தெரிவு செய்து என்டர். டி அழுத்தி அழித்துவிடாதீர்கள், பட்ட பாடெல்லாம் வீண். போர்மட் பண்ணினால் பரவாயில்லை, தொடங்கும் இடம் மாறாது. கொப்பி முடிந்து மெஷின் திரும்ப எழும்பும்போது சீடியிலிருந்து தொடங்க ஏதாவது பட்டனை அழுத்தச் சொல்லும். இரண்டாம் தடவை எதையும் தொடாதீர்கள், தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சுற்றிச் சுற்றி நிற்கிறார்கள்.

வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நம் பக்கம் பின்னேரம் இடி மழையோடு கரண்ட் போவது உங்களுக்குத் தெரியும், பாதிக் கொப்பியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. மதர்போர்ட், சவுண்ட், பிரிண்டர் டிரைவர்களை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள், ஏனென்றால் இந்த மெஷினை இன்டர்நெட்டில் இணைக்கவே கூடாது. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்திவிட்டது. பில்லுக்கு மட்டும் வையுங்கள், மெயில் பார்க்க வேறு மெஷின்.

இன்னொன்று, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டரியையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அது செத்துப்போனால் கரண்ட் போய்வரும்போது பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பி, சில போர்டுகளில் சாட்டா மோட் மறுபடி ஏஎச்சிஐ ஆகிவிடும், நன்றாக ஓடிய எக்ஸ்பி ஒரு நாள் காலையில் அதே 7பி நீலத்திரையைக் காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துத் திரும்ப போர்மட் பண்ணிக் கணக்கைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். 'சாட்டா மோட்: ஐடிஇ' என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி கேஸின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.